காற்றுக்குக் கட்டுகிற கொட்டகை

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். பல்லடத்துக்குத் தெற்கே கருமண் தோட்டம். நாலு கலப்பின மாடு, ரெண்டு காங்கேயம் நாட்டு மாடு, ஒரு டிராக்டர், வருடத்துக்கு வேண்டிய சோளத்தட்டு. இவ்வளவையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர 20 அடிக்கு 40 அடியில் ஒரு கொட்டகை. அமெரிக்காவில் ஒரு விவசாயி மரக்கால்களை நேராக மண்ணில் நட்டு, மேலே தகரம் அடித்து, வீட்டு ஆட்களை மட்டும் வைத்து முடித்த வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். அதேபோல நானே கட்டலாமா, தோட்டத்துப் பனையையே காலாக நடலாமா, குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டலாம். பனையைக் காலாக நட வேண்டாம். குழி நாலடி. பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் நாலடி என்று தெரியாமல் தோண்டினால், மூன்றாவது குழியிலேயே கை வலித்து இரண்டரை அடியில் நிறுத்திவிடுவீர்கள். நான் அதற்கும் முன்னாலேயே நிறுத்தினேன்.

இருபது வருடமாகத் தோட்டத்தோடு சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறையும் வைத்திருக்கிறேன். எனக்கென்று கட்டிய முதல் கொட்டகைக்குக் குழி இரண்டடிதான் போட்டேன். கால் நல்ல பைப், ஷீட் நல்ல ஷீட், வெல்டிங் என் கையால் வைத்தது. இரண்டாவது ஆடியில் ஒரு நாள் மத்தியானம் மேற்குப் பக்கத்து இரண்டு கால்கள், அடியில் இருந்த கான்கிரீட் உருண்டையோடு, முள்ளங்கி பிடுங்கியதுபோல வெளியே வந்துவிட்டன. ஒரு வெல்டிங்கூட விடவில்லை. கூரை முழுசாகத் தூக்கி, மடிந்து, பக்கத்து முருங்கைக்காட்டில் போய் உட்கார்ந்தது. மாடுகள் மேய்ச்சலில் இருந்ததால் பிழைத்தன. அன்றைக்குப் புரிந்தது, கூரையைத் தாங்குவதற்காக மட்டும் கால் நடுவதில்லை என்று. நம் ஊரில் கூரையைக் கீழே இழுத்துப் பிடிப்பதுதான் காலின் பெரிய வேலை.

காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாலக்காட்டுப் பக்கம் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாய் வழியாகத்தான் நம் மேல் வந்து விழுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் சுற்றி இத்தனை காற்றாலை எதற்கு நிற்கிறது? வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும் மேற்கிலிருந்து ஒரே சீராக அடிக்கும். இது எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று தெரிந்த காற்று. இன்னொன்று, சித்திரை வைகாசியில் கோடைமழைக்கு முன்னால் வருகிற சூறைக்காற்று. அதற்குத் திசையும் கிடையாது, நேரமும் கிடையாது. பத்து நிமிடத்தில் கோபி, மேட்டுப்பாளையம் பக்கம் வாழைத்தோப்பையே படுக்க வைத்துவிட்டுப் போகும். ஆடிக் காற்றுக்கு மட்டும் திட்டம் போட்டவனை இந்தக் காற்று ஏமாற்றும்.

இதை எண்ணில் பார்ப்போம். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ, சதுர அடிக்கு எட்டரை கிலோ. உங்கள் கொட்டகைக்கு நாலு பக்கமும் இரண்டடி தாழ்வாரம் விட்டால் கூரையின் பரப்பு 24க்கு 44, அதாவது 1056 சதுர அடி. பக்கம் திறந்த கொட்டகையில் காற்று அடியில் புகுந்து மேலே தள்ளும், மேலே ஓடுகிற காற்று உறிஞ்சும். இரண்டும் சேர்ந்து அந்த அழுத்தம் முழுசும் மேல்நோக்கி வேலை செய்கிறது என்று தோராயமாக வைத்தால் ஒன்பது டன். கூரையின் சொந்த எடை, ஷீட்டும் பைப்பும் எல்லாம் சேர்த்து, ஒன்றேகால் டன் தேறினால் அதிகம். மிச்சம் ஏழே முக்கால் டன்னை உங்கள் பத்துக் கால்களும் மண்ணைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். நடுவில் நிற்கிற கால் ஒவ்வொன்றின் பங்கும் 900 கிலோவை நெருங்கும்.

இப்போது குழியைப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரம், நாலடி ஆழம், நிறையக் கான்கிரீட் என்றால் 9 கன அடி, எடை சுமார் 610 கிலோ. மீதி 300 கிலோவைச் சுற்றி இருக்கும் மண்ணின் பிடிப்பு பார்த்துக்கொள்ளும். அதையே இரண்டடியில் நிறுத்தினால் கான்கிரீட் 300 கிலோதான்; மேல் இரண்டடி மண்ணுக்குப் பிடிப்பும் கிடையாது. என் கொட்டகை முருங்கைக்காட்டுக்குப் போன கணக்கு இதுதான். இஞ்சினியர் இதைவிட நுணுக்கமாகப் போடுவார். ஆனால் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும், இரண்டரை அடியில் நிறுத்த மனசு வராது.

அமெரிக்க வீடியோவுக்கு வருகிறேன். அந்த முறை அங்கே 1930களிலிருந்து பண்ணைகளில் பரவியது. அஸ்திவாரமும் சுவரும் இல்லை, நட்ட கால்தான் எல்லாம். அதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் குழியின் ஆழத்தைப் பனியை வைத்து முடிவு செய்கிறார்கள். குளிரில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து ஊதும், காலை மேலே தள்ளும். அதனால் உறைகிற ஆழத்துக்குக் கீழே கால் போக வேண்டும். நமக்கு உறைபனி இல்லை. ஆனால் கருமண் இருக்கிறது. அது பனியின் வேலையைத் தண்ணீரை வைத்தே செய்துவிடும். மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஊதும்போது காலின் இடுப்பைப் பிடித்து மேலே தூக்கும், வெடிக்கும்போது விட்டுவிடும். நாலைந்து வருடத்தில் ஒரு கால் இரண்டங்குலம் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் தாழ்வாரத் தண்ணீர் விழுகிற பக்கத்துக் கால்தான் அப்படி ஏறும்.

அதனால் கருமண்ணில் குழி எடுக்கும் விதமே வேறு. கருப்பு முடிந்து, சுண்ணாம்புக் கட்டியான சுக்கான் கல்லோ மஞ்சள் சரளையோ தட்டுப்படும் வரை போங்கள். நாலடியில் தட்டுப்பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். ஐந்தடி ஆனாலும் போக வேண்டியதுதான். அடியில் கடைசி ஒரு அடியைக் குடம்போல, பக்கத்துக்கு நாலு அங்குலம், குடைந்து அகலப்படுத்துங்கள். கான்கிரீட் அந்தக் குடத்துக்குள் போய் உட்கார்ந்தால், மேலே இழுக்கிறபோது மண்ணையே சேர்த்துத் தூக்க வேண்டிவரும். மேல் இரண்டடிக்கு நேர்மாறான வேலை: குழியின் பக்கங்களை வழவழப்பாகச் சீவி, கனமான பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டு அதற்குள் கான்கிரீட்டை ஊற்றுங்கள். ஊதுகிற கருமண் அந்தத் தாளில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும், காலைப் பிடிக்காது. காங்கேயம், அவிநாசிப் பக்கத்துச் செம்மண், சரளைக் காட்டுக்காரர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. அவர்களுக்கு மூன்றரை அடியில் கடப்பாரை பொறி பறக்கும், அதுவே போதும்.

பனையைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் அப்பாருடைய (தாத்தாவுடைய) சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கூரை முழுக்கப் பனைதான். வைரம் பாய்ந்த பனை வாரை, அதாவது மரத்தைப் பிளந்து எடுக்கிற நீளச் சட்டம், கல்மாதிரி, ஆணி இறங்காது. ஆனால் அவர் அதைக் கூரையில்தான் போட்டார், மண்ணில் நடவில்லை. கால்கள் எல்லாம் கல்லுக்கால். எந்த மரமும் அழுகுவது தரைமட்டத்தில்தான்: ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற அந்த ஆறு அங்குலத்தில். நல்ல ஆழத்தில் காற்று இல்லை, மேலே ஈரம் இல்லை. அதோடு கரையான். அமெரிக்கர்கள் மருந்தை அழுத்தத்தில் ஏற்றிய மரத்தை நடுகிறார்கள். அதை நம்பித்தான் மண்ணில் விடுகிறார்கள். நம் மரக்கடையில் கிடைக்கிற சவுக்குக் கம்பத்துக்குத் தாரும் கழிவு எண்ணெயும் பூசி நட்டால் ஏதோ சில வருடம் ஓடும். பந்தலுக்குச் சரி, கொட்டகைக்குச் சரியில்லை. இன்னொன்று, பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். தோட்டத்தில் நிற்கிற பனை அங்கேயே நிற்கட்டும். பழைய சாளை பிரிக்கிற இடத்தில் வாரைகள் விலைக்கு வரும், வேண்டுமானால் அதை வாங்கிப் பரணுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லுக்காலை நடலாமா என்றால், எனக்கு அதன்மேல் ஆசை உண்டு. அழுகாது, துருப்பிடிக்காது, கரையான் தொடாது. மாட்டு மூத்திரம் பட்டாலும் ஒன்றும் ஆகாது. எட்டு அங்குலத்துக்கு ஆறு அங்குலம், எட்டடி நீளக் கால் ஒன்றே 200 கிலோ வரும், காற்றுக்கு அதுவும் நல்லது. ஆனால் கல் மேலிருந்து வரும் சுமையைத்தான் தாங்கும், பக்கவாட்டில் இடித்தால் ஒடியும். டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது ஒரு தட்டு, அவ்வளவுதான். கூரையைக் கல்லோடு கட்டிப்போடுவதும் எளிதில்லை. துளை போட்டு போல்ட் இறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்பாரு காலத்தில் இது ஏன் பிரச்சினையாகவில்லை என்றால், மேலே இருந்தது ஓலை. காற்று ஓலைக்குள் புகுந்து வெளியே போய்விடும். தகரம் காற்றை விடாது. அதனால் மாடு கட்டுகிற பகுதிக்கு மட்டும் கல்லுக்கால் என்று சிலர் கலந்து கட்டுகிறார்கள். முதன்முறை கட்டுகிற உங்களுக்கு நான் துத்தநாக முலாம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ. பைப்பே சொல்வேன்.

பைப் மூன்று அங்குலம், பி கிளாஸ், அதாவது நடுத்தரக் கனம். கடையில் 'மூணு இஞ்ச்' என்று மட்டும் கேட்டால் தகடு மாதிரி மெல்லிசாக எடுத்துக் கொடுப்பார்கள், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எடை போட்டு வாங்குங்கள்: பி கிளாஸ் என்றால் மீட்டருக்கு எட்டேகால் கிலோவுக்குக் குறையக்கூடாது. மண்ணுக்குள் நாலடி, மேலே ஒன்பதடி, ஆக 13 அடிக் கால் ஒன்று 33 கிலோ வரும். பைப் 20 அடி நீளத்தில் வருவதால் ஒவ்வொன்றிலும் ஏழடி மிச்சம் விழும். அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். மாடு கட்டுகிற முளைக்கும் கேட் காலுக்கும் அதுதான் சரக்கு. காலின் அடியில் இரண்டு இடத்தில் குறுக்குக் கம்பி வெல்டு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட் குழியிலேயே இருக்கும், பைப் மட்டும் உருவிக்கொண்டு வரும், அதையும் பார்த்திருக்கிறேன்.

கான்கிரீட்டைத் தரைமட்டத்தோடு நிறுத்த வேண்டாம். ஆறு அங்குலம் மேலே ஏற்றி, தண்ணீர் வழிகிற மாதிரி நாலு பக்கமும் சரிவாகப் பூசுங்கள். மரம் அழுகுகிற அதே இடத்தில்தான் பைப்பும் துருப்பிடிக்கும், மாட்டு மூத்திரம் பட்டால் இன்னும் சீக்கிரம். பத்துக் குழிக்கும் சேர்த்து 16 மூட்டை சிமென்ட், எம் சாண்ட் 40 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 80 கன அடி ஆகும். குழி ஆழமானாலும் அடியைக் குடைந்தாலும் அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளுங்கள். விலையை நான் எழுதவில்லை, எழுதின மறுவாரமே தப்பாகிவிடும்.

எந்தத் திசையில் நீட்டுவது? முகடு கிழமேலாக ஓடட்டும். இதற்கு இரண்டு நியாயம். காலை, சாயங்கால வெயில் இரண்டு குறுகிய முனைகளில் மட்டும் படும். ஆடிக் காற்றும் குறுகிய மேற்கு முனையில்தான் மோதும். மேற்கு முனையை அடைத்துவிடுங்கள். ஹாலோபிளாக் சுவர் ஐந்தடிக்கு, அதற்கு மேல் ஷீட். கிழக்கு திறந்திருக்கட்டும், வடக்கும் தெற்கும் திறந்திருக்கட்டும். செய்யவே கூடாத ஒன்று, மூன்று பக்கம் அடைத்து மேற்கே வாசல் வைப்பது. பாதை அந்தப் பக்கம் இருக்கிறது என்று வசதிக்காக அப்படி வைத்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் பலூன் மாதிரி கூரையைத் தூக்கும். மேலே சொன்ன ஒன்பது டன் கணக்கும் அப்போது உதவாது, அதற்கு மேலேயே போகும். பாதையை ஐம்பதடி சுற்றிக் கொண்டுவாருங்கள்.

உள்ளே பத்தடிக்கு ஒரு கால் என்று நாலு கண்ணம், அதாவது கால்களுக்கு நடுவே நாலு பகுதி. மேற்குக் கண்ணத்தில் சோளத்தட்டு. மேற்கு வெயிலையும் காற்றையும் தட்டே ஒரு சுவராக நின்று தடுக்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பரண் போட்டு அடுக்குங்கள், கரையானும் ஈரமும் ஏறாது. நடு இரண்டு கண்ணத்திலும் மாடு. கிழக்குக் கண்ணத்தில் டிராக்டர். டிராக்டரையும் தட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூடான சைலன்சர் ஒன்று போதும்.

மாட்டுக்கு இருபதடி நீளம், இருபதடி அகலம் கிடைக்கிறது. வாலும் வாலும் பார்க்கிற மாதிரி இரண்டு வரிசை: தீனி போடுகிற காடி இரண்டடி, நிற்கிற இடம் ஐந்தரை அடி, சாக்கடை ஒரு அடி, ஆக ஒரு பக்கம் எட்டரை. இரண்டு பக்கத்துக்கும் பதினேழு. நடுவில் மூன்றடி நடைபாதை, சாணி அள்ளவும் பால் கறக்கவும். மாட்டுக்கு நாலடி அகலம் என்றால் வரிசைக்கு ஐந்து, மொத்தம் பத்து. இப்போது ஆறுதான் என்றாலும் கன்றுகள் பெருகும். காடி தாழ்வாரத்துக்குக் கீழே வருவதால் வெளியில் நின்றே தீனி போடலாம், வீட்டுப் பெண்களுக்கு இது எவ்வளவு சௌகரியம் என்பதைக் கட்டின பிறகு அவர்களே சொல்வார்கள்.

உங்கள் இரண்டு காங்கேயத்துக்கு இந்தக் கொட்டகையே பெரும்பாலும் ஆடம்பரம். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல மரத்து நிழலில், கொழுக்கட்டைப் புல்லைத் தின்றுகொண்டு வெயில் மழை எல்லாம் வெளியிலேயே கழிக்கிற இனம் அது. கூரை உயரமும் காற்றோட்டமும் கலப்பின மாட்டுக்குத்தான் தேவை. வெயில் ஏறினால் தீனி குறையும், பால் குறையும், சினை பிடிக்காது. தாழ்வாரத்தில் ஒன்பதடி உயரம் என்று நான் சொல்வது அதற்காக. ஏழடியில் தகரம் போட்டால் சித்திரையில் அது மாட்டு முதுகின்மேல் காய்கிற தோசைக்கல்.

சரி, வேலைக்கு வருவோம். மூலைகளை நட்டு நூல் கட்டியதும் குறுக்கு அளவு பாருங்கள். 20க்கு 40 என்றால் மூலைக்கு மூலை 44 அடி 8 அங்குலம் 5 நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). இரண்டு குறுக்கும் ஒன்றாக வந்தால்தான் மூலமட்டம் சரி. இங்கே இரண்டு அங்குலம் பிசகினால் கடைசி ஷீட் போடும்போது முக்கோணமாக இடைவெளி நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும். கால்களின் தலைமட்டத்தை டியூப் மட்டத்தில் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் பொய் சொல்லாது, உள்ளே காற்றுக்குமிழி மட்டும் இருக்கக்கூடாது. முதலில் நாலு மூலைக் கால், தூக்குக்குண்டு வைத்து நிறுத்தி, மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து, கான்கிரீட். மறுநாள் நூல் பிடித்து நடுக்கால்கள். ஏழு நாள் சாக்கு சுற்றித் தண்ணீர் விட்ட பிறகுதான் மேல் வேலை. அந்த ஒரு வாரம் கை சும்மா இருக்காது, கூரையைத் தாங்குகிற முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸைத் தரையில் வைத்து அடிக்கலாம்.

ட்ரஸ்ஸுக்கு மட்டும் நல்ல வெல்டர் வேண்டும். நீங்களே வெல்டிங் பிடிப்பவராக இருந்தாலொழிய இதில் கூலியை மிச்சம் பண்ண வேண்டாம். முகடு தாழ்வாரத்தைவிட மூன்றடி உயரம். முதல் ட்ரஸ்ஸைச் சமதரையில் அளந்து அடித்து, அதன்மேலேயே மற்ற நாலையும் வைத்து அடித்தால் ஐந்தும் அச்சில் வார்த்ததுபோல வரும். ஜி.ஐ. பைப்பை வெல்டு வைக்கும்போது வரும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. காற்று வருகிற பக்கம் நின்று வேலை செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி காய்ச்சல் வரும். வெல்டு வைத்த இடத்தில் முலாம் போயிருக்கும், சிங்க் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். ஒவ்வொரு காலிலும் ட்ரஸ் சேருகிற இடத்தில் இரண்டடி நீளத்துக்குச் சாய்வாக ஒரு முட்டு. இரண்டு முனைக் கண்ணங்களிலும் கம்பியால் பெருக்கல் குறி போல இழுத்துக் கட்டு. இந்த இரண்டும் இல்லாத கொட்டகை, காலும் கூரையும் எவ்வளவு பலமாக இருந்தாலும், காற்றில் சாய்ந்தாடிச் சாய்ந்தாடி வெல்டிங்கில் விரிசல் விடும்.

குறுக்குச் சட்டத்துக்கு இரண்டு அங்குலச் சதுர பைப், கனம் 2 மில்லிமீட்டர், ஒரு சரிவுக்கு ஐந்து வரிசை. இதில் 1.2 மில்லிமீட்டரை வாங்கி மிச்சம் பிடிக்கிறவர்கள் அதிகம். ஸ்க்ரூ பிடிப்பதே அந்தக் கனத்தில்தான். மெல்லிய பைப்பில் காற்று நாலு தடவை உலுக்கினால் மரை தேய்ந்து ஸ்க்ரூ கழன்று வந்துவிடும்.

ஷீட் 0.5 மில்லிமீட்டர், வெள்ளை அல்லது வெளிர் நிறம். பச்சையும் நீலமும் பார்க்க அழகு, வெயிலைக் குடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் விலை குறைவுதான், ஆனால் அதை அறுக்கும்போதும் உடையும்போதும் வருகிற தூசு நுரையீரலைத் தின்னும். நீங்களே கட்டுகிறீர்கள், அந்தத் தூசு உங்களுக்குத்தான். ஒரு சரிவுக்கு நீளம் பன்னிரண்டரை அடி, அந்த அளவுக்கே வெட்டி வாங்குங்கள், நடுவில் ஒட்டு வேண்டாம். ஒரு ஷீட் ஒரு மீட்டர் மூடும், 44 அடிக்குப் பதினாலு, இரண்டு சரிவுக்கும் 28. அடுக்குவதைக் கிழக்கு முனையிலிருந்து தொடங்குங்கள். மேற்கிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு ஒட்டும் காற்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கும், ஆடியில் காற்றும் தூறலும் நேராக உள்ளே வரும். தாழ்வாரம், முகடு, இரண்டு முனை ஆகிய ஓரங்களில் காற்றின் பிடுங்கல் அதிகம். அங்கே ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ. நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் நிறுத்துங்கள். இன்னும் முறுக்கினால் ரப்பர் பிதுங்கி, அடுத்த மழைக்கு ஒழுகும்.

ஷீட் போடுகிற நாளில் பாதியை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. மேலே ஏற்றிய ஷீட் எல்லாம் ஸ்க்ரூ கண்ட பிறகுதான் கீழே இறங்க வேண்டும். தை, மாசியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வானம் அமைதியாக இருக்கும், கருமண் பெருமளவு காய்ந்திருக்கும், சித்திரைச் சூறைக்கு முன்னால் முகட்டுத் தகடும் ஏறியிருக்கும்.

தரைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிற்கிற இடத்துக்குச் சாக்கடையைப் பார்த்து ஒன்றரை அங்குலச் சரிவு. சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள், மாடு வழுக்காது. டிராக்டருக்கும் தட்டுக்கும் சரளை கொட்டிக் கெட்டித்தால் போதும். தாழ்வாரத்துக்குத் தண்ணீர்த் தகடு கட்டாயம். அது கருமண்ணுக்கு மருந்து, காலடியில் தண்ணீர் விழாமல் காக்கும். போதாததற்கு, வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் இந்தக் கூரையில் விழுவது 59 ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர். அதைத் தொட்டியில் பிடித்தால் மாட்டுக் குடிநீருக்கு ஆகும்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். இரும்புக் கொட்டகை, ஈரத்தரை, நாலு கால் மாடு. நமக்குச் சுரீர் என்று விட்டுவிடுகிற கசிவு மாட்டைக் கொன்றுவிடும், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவிலேயே மின்சாரம் பாய்ந்துவிடும் என்பதால். ஒயர் முழுக்கக் குழாய்க்குள், கசிவு கண்டால் அணைக்கிற ஈ.எல்.சி.பி., கொட்டகைக்கென்று தனி எர்த். மேலே கம்பி போகிற இடத்தில் கொட்டகையே போடாதீர்கள். பிற்பாடு சோலார் பலகை வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே வெல்டரிடம் சொல்லிவிடுங்கள். காற்றுக்கு அது இன்னொரு இறக்கை.

கட்டத் தொடங்கும் முன் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அப்படியே ஒன்றிய அலுவலகத்திலும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் சின்ன விவசாயிகளுக்கு மாட்டுக்கொட்டகை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது உங்களுக்குப் பொருந்துகிற திட்டம் ஏதாவது இருந்தால் மாட்டுப் பகுதியின் செலவில் கொஞ்சம் குறையும்.

பைப் வாங்குவதற்கு முன்னால் மேற்குப் பக்கத்து இரண்டு மூலைக் குழியை மட்டும் தோண்டிப் பாருங்கள். கருப்பு எத்தனை அடியில் முடிகிறது, அடியில் வருவது சுக்கானா சரளையா, குழியில் ஊற்று எடுக்கிறதா, இந்த மூன்றையும் எழுதுங்கள். ஐந்தடி வரைக்கும் கருப்பு போனால் காலின் நீளத்தை 14 அடியாக்க வேண்டிவரும், வெட்டுக் கணக்கும் மாறும். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.